அளவேடும் கத்தரியும்: மலாயா, சிங்கப்பூர்த் தமிழர் தையற்கடைகளின் வரலாறு

மலாயா, சிங்கப்பூர்த் தமிழர் வரலாறு இதுவரை பெரிதும் இரப்பர்த் தோட்டத்தின் வரலாறாகவும், அதற்கு அடுத்தபடியாகத் துறைமுகம், இரயில்பாதை, செட்டியார் கிட்டங்கி ஆகியவற்றின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. கெர்னியல் சிங் சந்து 1969இல் வெளியிட்ட நூலும், சின்னப்பா அரசரத்தினம் 1970இல் வெளியிட்ட நூலும் இத்துறைக்கு அடித்தளமிட்டவை. குடியேற்றம், கங்காணி முறை, தொழிற்சங்கம், அரசியல் என்னும் பெரும்பொருள்களில் அவற்றின் கவனம் நிலைத்தது இயல்பே. ஓர் இயந்திரம், ஒரு மேசை, ஒரு கத்தரி என்னும் அளவில் நடந்த தொழில் அத்தகைய ஆய்வில் சிறுதொழில்கள் என்னும் பொதுத்தொகுப்புக்குள் எளிதில் மறைந்துவிடும். அவ்வாறு மறைந்த தையற்கடையை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. பினாங்கு முதல் சிங்கப்பூர்வரை ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழர் நடத்திய அளவெடுத்துத் தைக்கும் கடை எதைக்கொண்டு நின்றது, எவற்றால் தளர்ந்தது, இன்று ஏன் ஏறத்தாழ முழுவதும் இரவிக்கையை நம்பியிருக்கிறது என்பன ஆராயப்படுகின்றன.

துணிக்குப் பின் வந்த தையல்

தையல் தமிழருக்குப் புதிய தொழிலன்று. புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தை விரித்துரைக்கும் சிலப்பதிகாரப் பகுதி துன்னகாரரையும் அங்கு வாழ்ந்த தொழிலாளருள் ஒருவராகக் குறிக்கிறது. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அமர்த்திய பணியாளரைப் பட்டியலிடும் கல்வெட்டில் தையானும் இடம்பெறுகிறான். ஆயினும் வேட்டியும் சேலையும் தைக்கப்படாத உடைகள். அவற்றை உடுத்திய பெரும்பாலான மக்களுக்குத் தையற்காரரின் தேவை மிகக் குறைவாகவே இருந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து கடல் கடந்து சென்ற துணியும் தைக்கப்படாத துணியே. நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டை ஆகிய துறைகளிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம் வணிகர் மலாய்த் தீவுகளில் விற்றவை கைலியும் சீலையும் அச்சடித்த துணியுமாகும். 1786இல் பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றம் தோன்றியபின் அவ்வணிகர் பெயராலேயே சூலியாத் தெரு அமைந்தது. சிங்கப்பூரில் 1820களிலேயே சூலியாப் பள்ளிவாசல் எழுந்தது. மலாய் மொழியில் கடையைக் குறிக்கும் 'கெடாய்' தமிழிலிருந்து சென்ற சொல்; தைத்தலைக் குறிக்கும் 'ஜாயிட்' அம்மொழியின் சொந்தச் சொல். இச்சான்று ஒன்றைமட்டும் கொண்டு பெரிய முடிவு எதற்கும் வர இயலாது. எனினும், தமிழர் அங்கு முதலில் துணி விற்பவராகவே அறியப்பட்டனர் என்பதோடு அது முரண்படவில்லை.

தையற்கடை எழுவதற்கு இயந்திரம் வரவேண்டியிருந்தது. 1851இல் அமெரிக்காவில் தொடங்கிய சிங்கர் நிறுவனம் 1850களிலேயே தவணை முறை விற்பனையைக் கொண்டுவந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆசிய நகரங்கள் எங்கும் அந்நிறுவனத்தின் முகவர்கள் இயந்திரத்தைக் கடனுக்குக் கொடுத்து மாதந்தோறும் பணம் வாங்கினர். இயந்திரங்களை ஐயத்தோடு நோக்கிய காந்தியடிகளே 1924இல் அளித்த விளக்கமொன்றில் சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்கு அளித்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. குடியேறியவருக்கு அதன் பொருள் மிக நேரடியானது. செட்டியார் கடன் கேட்கப் பிணை வேண்டும். தோட்டத்தை விட்டு வந்தவரிடமோ கடைச் சிப்பந்தியிடமோ பிணையாக வைக்க எதுவுமில்லை. தவணையில் வாங்கிய இயந்திரத்துக்கு அந்த இயந்திரமே பிணையாக இருந்தது.

கடைக்கு வாடகை கொடுக்க இயலாதவர்க்கு நடைபாதை இருந்தது. 1822ஆம் ஆண்டின் ராஃபிள்ஸ் நகரமைப்புத் திட்டத்தில் விதிக்கப்பட்டு, பின்னர் நீரிணைக் குடியேற்றங்கள் எங்கும் பரவிய ஐந்தடி நடைபாதை, அதாவது மலாய்ப் பேச்சில் 'காக்கி லீமா', மழைக்கும் வெயிலுக்கும் கூரையுள்ள இடம். துணிக்கடையின் வாயிலில் அந்த ஐந்தடிக்குள் ஒருவர் இயந்திரத்தைப் போட்டு அமர்வது இருதரப்புக்கும் ஆதாயமாக இருந்தது. துணி வாங்கியவர் தைப்பதற்கு வேறிடம் தேடவேண்டியதில்லை. தைப்பவர் துணியில் முதல் போடவேண்டியதில்லை. சரக்கு இருப்பு இன்மையே அளவுத் தையற்கடையின் முதல் இயல்பு. மளிகைக் கடைக்காரரைப் போல விற்காத சரக்கில் பணம் முடங்கும் இடர் இவருக்கு இல்லை. மாறாக, தைத்து முடித்தும் வாங்க வராத உடையில் உழைப்பு முடங்கும் இடர் உண்டு. தைக்கக் கொடுக்கும்போதே முன்பணம் வாங்கும் வழக்கம் அதனால் வந்தது.

கத்தரி யார் கையில்

கடைக்குள் வேலைப் பகிர்வு கண்டிப்பான படிநிலை உடையது. கற்க வருபவன் முதலில் கரிப்பெட்டிக்கு நெருப்புப் போடுவான். பின்னர்க் காஜா எடுப்பான், பொத்தான் கட்டுவான், ஓரம் மடித்துக் கையால் தைப்பான். காஜாப் பையன் என்னும் பெயர் அந்நிலையைக் குறிப்பது. அதன்பின் இயந்திரத்தில் நேர்த்தையல். பின்னர்க் கையும் கழுத்தும் பொருத்துதல். வெட்டுதல் கடைசியில்தான், அதுவும் எல்லார்க்கும் கிட்டுவதன்று. கத்தரி கடைக்காரர் கையிலேயே இருந்தது. தைப்பவருக்கு உருப்படிக் கணக்கில் கூலி. வெட்டுபவருக்கே கடையின் ஊதியம். ஒருவர் வெட்டக் கற்றுக்கொண்ட நாளே அவர் தனிக்கடை வைக்கும் நாளும் ஆகலாம் என்பதால் வெட்டுக்கலையைக் காட்டுவதில் கடைக்காரர் தயங்கினர். தொழில் விரிந்து பெருநிறுவனமாக வளராமல் சிறு சிறு கடைகளாகவே பிளந்து பெருகியதற்கு முதற்காரணம் இதுவே எனக் கருத இடமுண்டு. பண்பாட்டில் சேமிப்பு மனப்பான்மை குறைவு, கூட்டுமுயற்சி குறைவு என்றெல்லாம் கூறப்படும் விளக்கங்கள் கடைக்குள் யார் எதைக் கற்றார் என்பதைப் பார்க்கத் தவறுகின்றன.

அளவின் மொழியும் குறிப்பிடத்தக்கது. மலேசியாவும் சிங்கப்பூரும் 1970களில் மெட்ரிக் முறைக்கு மாறின; துணி இன்று மீட்டரில் விற்கிறது. தையற்காரரின் நாடாவோ அங்குலத்திலேயே நின்றுவிட்டது. கால், அரை, முக்கால் என்னும் தமிழ்ப் பின்னங்களும், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கைக் குறிக்கும் 'நூல்' என்னும் தொழிற்சொல்லும் அங்குல நாடாவில் இயல்பாகப் பொருந்துகின்றன. 'இடுப்பில் இரண்டு நூல் பிடி' என்னும் குறிப்பைச் சென்டிமீட்டரில் சொல்ல எவரும் முற்பட்டதாகத் தோன்றவில்லை.

துணியற்ற ஆண்டுகள்

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. துணிக்கு இறக்குமதியையே நம்பியிருந்த நாட்டில் கப்பல் நின்றதும் துணி நின்றது. தோட்டப்புறங்களில் மக்கள் சாக்கை உடுத்திய செய்தி அக்கால நினைவுகளில் மீண்டும் மீண்டும் வருகிறது. சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் வாழ்வை எழுதிய மலேசியத் தமிழ்ப் புதினங்கள் பசியையும் நோயையும் போலவே உடையின்மையையும் அறிந்தவை. இக்காலத்தில் தையற்காரர் தைப்பவர் என்பதினும் பழுது பார்ப்பவர் ஆனார். கிழிந்த கழுத்துப்பட்டையைப் பிரித்து மறுபுறம் திருப்பித் தைத்தல், பெரியவர் சட்டையை வெட்டிச் சிறுவருக்கு ஆக்குதல், திரைச்சீலையைப் பாவாடையாக்குதல் முதலிய வேலைகளுக்குப் புதுத்துணியை வெட்டுவதைவிடக் கூடுதல் திறன் வேண்டும்.

1943 ஜூலை 12ஆம் நாள் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் முன்னிலையில் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் பெண்கள் துப்பாக்கி ஏந்தி அணிவகுத்தபோது அவர்கள் சேலையே உடுத்தியிருந்தனர். ஜான்சி ராணிப் படைக்குரிய கால்சட்டைச் சீருடை பின்னரே வந்தது. அப்படையில் சேர்ந்தோருள் தோட்டத் தொழிலாளர் வீட்டுத் தமிழ்ப் பெண்கள் பலர். உடல் அளவெடுத்துத் தைத்த கால்சட்டையை அவர்களில் பெரும்பாலோர் முதன்முறை அணிந்தது அப்போதாகவே இருக்கவேண்டும். படை வரலாறுகள் அச்சீருடையை விரிவாக வருணிக்கின்றன. தைத்த கைகளைப் பற்றிய குறிப்போ அவற்றில் அரிது.

ஆண் உடையின் ஏற்றமும் இறக்கமும்

போருக்குப் பின் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் ஆண்களுக்கான தையலே தொழிலின் முதுகெலும்பாக இருந்தது. அலுவலக எழுத்தரின் வெள்ளைக் கால்சட்டை, பள்ளிச் சீருடை, மணமகனின் கோட்டு, பிரிட்டிஷ் படையினரின் உடை ஆகியவை வேலை தந்தன. சந்தை இனவாரியாகப் பகிர்ந்து கிடந்தது: உயர்விலைக் கோட்டுகளில் சாங்காய் வழிவந்த சீனத் தையற்காரரும், விடுதி வளாகக் கடைகளில் சிந்தி வணிகரும் முன்னின்றனர். தமிழ் முஸ்லிம் தையற்காரருக்கு மலாய் வாடிக்கையாளர் வலுவான துணை. நிற்கும் கழுத்துப்பட்டையுடைய சகாக் மூசாங், பட்டையின்றி விலாங்கு எலும்பு எனப் பெயர்பெற்ற நுண்தையலால் கழுத்தோரம் முடிக்கும் தெலோக் பெலாங்கா என்னும் இருவகை மலாய்ச் சட்டைகளும் கைத்திறனைக் கோருவன. பினாங்கில் சொங்கோக் தொப்பி செய்வதிலும் தமிழ் வழி முஸ்லிம்கள் பெயர்பெற்றிருந்தனர்.

மூன்று அடிகள் அடுத்தடுத்து விழுந்தன. பிரிட்டிஷ் படைகள் சிங்கப்பூரிலிருந்து விலகும் முடிவு 1968இல் அறிவிக்கப்பட்டு 1971இல் நிறைவேறியது. மலேசியாவில் 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி குடியுரிமை இல்லாதவர் வேலை அனுமதி பெறவேண்டியதாயிற்று. பல்லாயிரம் தமிழர் தாயகம் திரும்பினர். தோட்டத் தொழிலாளர் இழப்பாகவே இந்நிகழ்வு பேசப்படுகிறது. ஊரிலிருந்து தம்பியையும் மைத்துனனையும் வரவழைத்துக் காஜா எடுக்க வைத்துத் தொழில் கற்பிக்கும் சங்கிலியும் அதே ஆண்டில் அறுபடத் தொடங்கியது என்பது கவனிக்கப்படவில்லை. மூன்றாவதாக வந்தது ஆயத்த உடை. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் எழுந்த ஆடைத் தொழிற்சாலைகள் ஏற்றுமதிக்காகத் தைத்தன. கால்சட்டைக்கு அளவெடுப்பது சிக்கனமாக இருந்த நிலை மாறி ஆடம்பரமாயிற்று.

இரவிக்கை

ஆண் உடை கைவிட்ட இடத்தில் கடையைத் தாங்கியது இரவிக்கை. பேச்சு வழக்கில் ஜாக்கெட். அது தமிழ்ப் பெண்ணுடையில் பழைமையானதன்று. பல சமூகத்தார்க்கு அது போராடிப் பெற்றதும்கூட. திருவிதாங்கூரின் தமிழ் வழங்கும் தென்பகுதியில் நாடார்ப் பெண்கள் மேலாடை அணிவதை எதிர்த்து எழுந்த கலகங்கள் 1859ஆம் ஆண்டு அரசாணைக்குப் பின்னரே அடங்கின. கடல் கடந்த சேலைக்கும் இரவிக்கை இன்றியமையாததாயிற்று.

ஆயத்தச் சந்தை இதனை ஏன் விழுங்கவில்லை என்பதற்கு விடை வெட்டில் உள்ளது. பட்டும் பருத்தியும் நீளாத துணிகள். உடலோடு ஒட்டி நிற்கவும் வேண்டும், கையைத் தூக்கினால் கிழியாமலும் இருக்கவேண்டும். தோள், மார்பு, இடுப்பு ஆகிய மூன்றும் ஒரே விகிதத்தில் அமைந்த உடல் அரிது. பிடிப்புகளின் இடமும் ஆழமும் ஆளுக்கு ஆள் மாறும். அதற்கும் மேலாக, ஏறத்தாழ ஐந்தரை மீட்டர்ச் சேலையின் தொடர்ச்சியாக 80 சென்டிமீட்டர் அளவில் வரும் இரவிக்கைத் துண்டு ஒன்றே ஒன்றுதான். கைக்கரையில் சரிகை இருபுறமும் ஒத்து நிற்கவேண்டும். தவறாக வெட்டினால் மாற்றுத் துணி இல்லை. சேலையின் மதிப்பே குறைந்துவிடும். தையற்கூலி சேலை விலையில் சிறு பங்கு. தவறின் விலையோ கூலியைப்போலப் பன்மடங்கு. ஒருமுறை சரியாக அமைந்த தையற்காரரைப் பெண்கள் எளிதில் மாற்றாததும், குடிபெயர்ந்த பின்னும் பழைய கடைக்கே பேருந்தேறி வருவதும், அளவுக்கென ஒரு பழைய இரவிக்கையைப் பாதுகாத்து வைப்பதும் இக்கணக்கின் விளைவுகளே. பற்று என்றும் பழக்கம் என்றும் சொல்லப்படுவதன் அடியில் இடர் பற்றிய தெளிவான மதிப்பீடு உள்ளது.

இரவிக்கையோடு தொழிலின் பாலும் மாறியது. தோட்ட வரிசை வீட்டில் இயந்திரம் வைத்து அண்டை வீட்டாருக்குத் தைத்த பெண்கள் முன்பே இருந்தனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகருக்கு வந்தபோது அவ்வியந்திரமும் அடுக்குமாடிக்கு வந்தது. பெயர்ப்பலகை இல்லை, உரிமம் இல்லை, கணக்கேடு பெரும்பாலும் இல்லை. சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் குடியிருப்புகளில் சிறு அளவுத் தையல் வேலைக்கு இன்று இசைவுண்டு. அதற்கு முன்னும் அது நடந்துகொண்டுதான் இருந்தது. 1983க்குப் பின் ஈழத்திலிருந்து தொறொன்ரோ, இலண்டன், பாரிஸ் நகரங்களுக்குச் சென்ற தமிழ்ப் பெண்களும் இதே வழியில் வீட்டுத் தையலைத் தொடங்கினர். தொழிற்புள்ளிவிவரங்கள் காட்டும் தையற்காரர் எண்ணிக்கை குறைவதைக்கொண்டு தொழில் அழிந்ததாக முடிவு கட்டுவோர் இவ்வீடுகளை எண்ணவில்லை.

வாடகை, அனுமதி, நாட்காட்டி

மலேசியாவில் வாடகைக் கட்டுப்பாடு நீங்கி 2000ஆம் ஆண்டு பிறந்தபோது ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் இருந்த சிறுதொழிலர் பலர் இடம்பெயர நேர்ந்தது. 2008இல் அந்நகரம் யுனெஸ்கோ மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தபின் கட்டடங்களின் மதிப்பு மேலும் உயர்ந்தது. கடைமுகப்பு காக்கப்பட்டது, முகப்பில் இருந்து தைத்தவர் காக்கப்படவில்லை. சிங்கப்பூரில் நிகழ்ந்தது வேறு. பழைய தேக்கா சந்தைக்கு ஈடாக 1982இல் திறக்கப்பட்ட கட்டடத்தின் மாடியில் துணிக்கடைகளும் தையற்காரரும் அருகருகே அமைந்தனர். ஐந்தடி நடைபாதையின் பழைய ஏற்பாடு காங்கிரீட் மாடியில் மறுபிறவி எடுத்தது எனலாம். மரபுக் காப்பு என்னும் பெயர் தாங்காத அந்தச் சந்தைக் கட்டடம் மரபுத் தொழிலுக்குச் செய்த நன்மை, காப்பு வட்டாரங்கள் செய்ததினும் மிகுதி.

ஆள் பற்றாக்குறை இருநாட்டிலும் பொது. சிங்கப்பூரில் சேவைத் துறைக்குரிய வேலை அனுமதியில் இந்தியாவிலிருந்து தையற்காரரை வரவழைக்க வழியில்லை. மலேசியாவில் நெடுநாள் நிறுத்திவைக்கப்பட்டிருந்த வெளிநாட்டு ஆள்சேர்ப்புக்கு 2023இல் இசைவு அறிவிக்கப்பட்டபோது பெயர்பெற்றவை முடிதிருத்தகம், ஜவுளி, பொற்கடை ஆகிய மூன்றே. ஜவுளியின் நிழலில் அன்றித் தையலுக்குத் தனிப்பெயர் அங்கும் இல்லை.

இவற்றோடு நாட்காட்டியின் நெருக்கடியும் உண்டு. தீபாவளிக்குப் பல வாரம் முன்பே கடைகள் புதுவேலை ஏற்பதை நிறுத்துகின்றன. ஆடியில் இயந்திரம் ஓய்கிறது. நோன்புப் பெருநாளோ ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னோக்கி நகர்கிறது. 2004, 2005, 2006 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இரு பெருநாள்களும் ஒன்றையொன்று அடுத்து, மூன்று நாள் இடைவெளிக்குள் வந்தன. மலாய்ச் சட்டையும் இரவிக்கையும் ஒருசேரத் தைக்கும் கடைக்கு ஆண்டின் இரு அறுவடைகள் ஒரே வாரத்தில் விழுந்தால் பாதி இழப்பே. ஏறத்தாழ 33 ஆண்டுக்கு ஒருமுறை நிகழும் இச்சந்திப்பு அதற்கு முன் நேர்ந்தது 1970களின் தொடக்கத்தில், ஆள் வரவு அறுபட்ட அதே காலத்தில்.

அளவேடு

ஒரு தையற்கடையின் உண்மையான முதல் இயந்திரமன்று, அளவேடு. பெயர், நாள், உயரம், தோள், மார்பு, இடுப்பு, கைநீளம், கைச்சுற்று, முன்கழுத்து, பின்கழுத்து என ஒரு வரிசை எண்கள். பக்கத்தில் குண்டூசியால் குத்திய துணித்துண்டு. வாங்கிய முன்பணம், நிற்கும் பாக்கி. ஆண்டுக்கணக்கில் தொடரும் ஏட்டில் ஒரே பெண்ணின் அளவு திருமணத்துக்கு முன்னும், பேறுகாலத்துக்குப் பின்னும், முதுமையிலும் பதிவாகியிருக்கும். ஊட்டநிலை, விழாச் செலவு, கடன், கழுத்து இறங்கியும் கை குறுகியும் மாறிய நாகரிகம் ஆகிய யாவற்றுக்கும் இதனினும் நேரான சான்று கிடைப்பதரிது. 1979இல் தொடங்கிய சிங்கப்பூர் வாய்மொழி வரலாற்றுத் திட்டம் போன்றவை பேச்சைப் பதிவு செய்கின்றன. அளவேடோ கடை மூடும் நாளில் பழைய தாளோடு எடைக்குப் போகிறது.

நூலகங்கள் இவ்வேடுகளை ஏற்கத் தயங்குவதற்கு ஒரு நியாயம் உண்டு. அவற்றில் உள்ளவை உயிரோடிருக்கும் பெண்களின் பெயரும் உடலளவும். அவற்றைப் பொதுப் பார்வைக்கு வைப்பது தையற்காரர் காத்த நம்பிக்கையைக் குலைப்பதாகும். மருத்துவப் பதிவேடுகளுக்குச் செய்வதுபோலப் பெயரை நீக்கியோ, குறித்த காலம்வரை மூடிவைத்தோ பெறுவதற்குத் தடையேதும் இல்லை. பெறும் கை இல்லாததே குறை. ஏடு கிடைக்காத இடத்தில் எஞ்சுவது உடையே. நல்ல தையற்காரர் பக்கத் தையலில் ஓர் அங்குலமாவது உள்ளே மடித்து விட்டிருப்பார், உடல் பெருக்கும்போது பிரித்துவிடுவதற்காக. பழைய இரவிக்கையின் உட்புறத்தைத் திருப்பினால் பிரித்த தையலின் ஊசித்துளைகள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, இரண்டு அல்லது மூன்று வரிசையில், இன்னும் தெரியும்.